கடல் கடந்து வந்த விளையாட்டு வாத்தியார்

சென்னையில் கூடைப்பந்து வேரூன்ற உழைத்த ஹாரி பக்கின் கதை

மாலை ஐந்து மணி. தாம்பரம் ரெயில் நிலையத்தில் மின்சார ரெயில் வந்து நிற்கிறது. கூட்டம் இறங்குகிறது. அலுவலகம் முடிந்து வருகிறவர்கள் வீட்டை நோக்கி நடக்கிறார்கள்.

வழியில் ஒரு பள்ளிக்கூட மைதானம். அங்கே பத்துப் பிள்ளைகள் ஒரு பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். ஒருவன் எம்பிக் குதிக்கிறான். பந்து வளையத்துக்குள் விழுகிறது. வலை ஆடுகிறது. வேலி ஓரமாக நின்ற பெரியவர் ஒருவர், தன்னை அறியாமல் கை தட்டுகிறார்.

இந்தக் காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தாம்பரத்தில் மட்டும் அல்ல. குரோம்பேட்டை, பல்லாவரம், கிண்டி, சைதாப்பேட்டை என்று எந்த ஊரில் இறங்கினாலும் பார்க்கலாம். நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் விளையாடுவது இன்று சாதாரண விஷயம். விளையாட்டுக்கு ஒரு நேரம், அதற்கு ஒரு ஆசிரியர், அவர் கையில் ஒரு ஊதல் என்பது நமக்குப் பழகிப்போன ஒன்று.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை இப்படி இல்லை. இதை மாற்றுவதற்காகத் தன் வாழ்நாளில் 24 ஆண்டுகளை நம் நாட்டுக்குக் கொடுத்த ஒரு மனிதர் உண்டு. அவர் தமிழர் அல்ல. இந்தியரும் அல்ல. ஏழு கடல் தாண்டி வந்த அமெரிக்கர்.

அவர் பெயர் ஹாரி குரோ பக்.

பிறப்பும் படிப்பும்

அமெரிக்காவில் பென்சில்வேனியா என்று ஒரு மாநிலம். அங்கே 1884-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 25-ந் தேதி ஹாரி பக் பிறந்தார்.

வாலிப வயதில் அவர் படிக்கச் சென்ற இடம் ஸ்பிரிங்பீல்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள நகரம் அது. அங்கே ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தார் ஒரு பயிற்சிப் பள்ளியை நடத்தி வந்தார்கள். டாக்டர் ஆவதற்கு ஒரு கல்லூரி, வக்கீல் ஆவதற்கு ஒரு கல்லூரி என்று இருப்பதுபோல, தேகப்பயிற்சி ஆசிரியர் ஆவதற்கும் பயிற்சி தந்த பள்ளி அது.

அந்தப் பள்ளிக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. கூடைப்பந்து பிறந்ததே அங்கேதான்.

பக்கின் கதைக்குள் போகும் முன், அந்தக் கதையைத் தெரிந்துகொள்வது அவசியம்.

பழக்கூடையில் பிறந்த ஆட்டம்

அது 1891-ஆம் ஆண்டு. குளிர்காலம். வெளியே பனி கொட்டிக் கிடந்தது. மைதானத்தில் இறங்கி விளையாட முடியாது. ஒரு வகுப்பைச் சேர்ந்த 18 மாணவர்கள் கூடத்துக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். தினமும் ஒரே மாதிரியான தேகப்பயிற்சி. அவர்களுக்கு அலுத்துவிட்டது. அவர்களை அடக்க முடியாமல் ஆசிரியர்கள் திண்டாடினார்கள்.

பள்ளியில் தேகப்பயிற்சிப் பிரிவின் தலைவராக இருந்தவர் லூதர் குலிக். அவர் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற இளம் ஆசிரியரை அழைத்தார். கூரைக்குக் கீழே ஆடக்கூடிய புது ஆட்டம் ஒன்றைக் கண்டுபிடிக்கும்படி கேட்டார். அதற்குக் கொடுத்த கெடு இரண்டே வாரம்.

நைஸ்மித் யோசித்தார். கால்பந்தைக் கூடத்துக்குள் ஆடினால் ஜன்னல் உடையும். முட்டி மோதினால் எலும்பு உடையும். அடிதடி இல்லாத ஆட்டமாக இருக்க வேண்டும். ஆனால் சுறுசுறுப்பு குறையக் கூடாது.

அப்போது சிறு வயதில் ஆடிய ஒரு விளையாட்டு அவர் நினைவுக்கு வந்தது. ஒரு பாறை மேல் கல்லை வைப்பார்கள். தூரத்தில் நின்று இன்னொரு கல்லால் அதைத் தள்ள வேண்டும். வேகமாக எறிகிறவனுக்குக் குறி தப்பும். மெதுவாக மேலே தூக்கி எறிகிறவனுக்குக் குறி பலிக்கும். இலக்கை உயரத்தில் வைத்துவிட்டால் பலத்துக்கு வேலை குறையும். கைத்திறனுக்கு வேலை வரும். இதுதான் நைஸ்மித்துக்குத் தோன்றிய யோசனை.

பள்ளியின் காவலாளியிடம் இரண்டு பெட்டி கேட்டார். பெட்டி கிடைக்கவில்லை. பீச் பழம் வைக்கும் இரண்டு கூடைகள்தான் கிடைத்தன. கூடத்தின் இரு பக்கத்திலும் இருந்த மேல்மாடத்தின் விளிம்பில் அவற்றை அடித்து மாட்டினார்கள். அந்த விளிம்பின் உயரம் 10 அடி. அந்தப் பத்து அடிதான் இன்று வரை உலகம் முழுவதும் கூடைப்பந்து வளையத்தின் உயரம்!

நைஸ்மித் 13 விதிகளை எழுதினார். 1891 டிசம்பர் 21-ந் தேதி முதல் ஆட்டம் நடந்தது. பக்கத்துக்கு 9 பேர். ஆட்டம் முழுவதிலும் ஒரே ஒரு முறைதான் பந்து கூடையில் விழுந்தது. கூடைக்கு அடி இருந்ததால், விழுந்த பந்து தானாகக் கீழே வராது. ஏணி வைத்து ஏறி எடுக்க வேண்டும்!

அந்த 18 மாணவர்களில் ஒருவர் டங்கன் பேட்டன். அவர்தான் 1894-இல் இந்தியாவுக்கு இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்தார் என்று கூடைப்பந்தின் வரலாறு கூறுகிறது. ஆட்டம் பிறந்து மூன்றே ஆண்டுகளில் நம் நாட்டுக்கு வந்துவிட்டது.

ஆனால் வந்த ஆட்டம் பரவவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றது. காரணம் என்ன? சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை.

அந்தக் குறையைத் தீர்க்க வந்தவர்தான் பக்.

டிரில் மாஸ்டர் காலம்

பக் ஸ்பிரிங்பீல்டில் படித்த காலத்தில் நைஸ்மித் அங்கே இல்லை. அவர் முன்பே வேறு ஊருக்குப் போய்விட்டார். ஆனால் அவர் விட்டுச்சென்ற பாடம் அங்கே இருந்தது. பிள்ளைகளை அடக்கி வைப்பதைவிட, அவர்களுக்குப் பிடித்த ஆட்டத்தைக் கொடுப்பது மேல் என்பதே அந்தப் பாடம்.

அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டு, 1919-ஆம் ஆண்டு பக் இந்தியாவுக்கு வந்தார். முதல் உலகப்போர் முடிந்து ஓராண்டுகூட ஆகாத நேரம். அப்போது அவருக்கு வயது 34.

அன்று சென்னை மாகாணத்துப் பள்ளிக்கூடங்களில் தேகப்பயிற்சி எப்படி இருந்தது தெரியுமா?

பெரும்பாலும் டிரில்தான். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்களைத் தேகப்பயிற்சிக்கு நியமிப்பது அந்தக் கால வழக்கம். அவர்கள் தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்தார்கள். பிள்ளைகள் வரிசையாக நிற்க வேண்டும். இடது கால், வலது கால் என்று உத்தரவு வரும். கையைத் தூக்கு என்றால் தூக்க வேண்டும். இறக்கு என்றால் இறக்க வேண்டும். வெயிலில் அரை மணி நேரம் இப்படியே போகும்.

பிள்ளைகளுக்கு அதில் என்ன சந்தோஷம் இருக்கும்? டிரில் பீரியடு என்றாலே தலைவலி, வயிற்றுவலி என்று ஒதுங்கி நின்றார்கள்.

பெற்றோர்களின் எண்ணமும் வேறாக இருந்தது. விளையாடினால் படிப்பு கெடும் என்று பயந்தார்கள். பையன் பரீட்சையில் தேறி ஒரு குமாஸ்தா வேலைக்குப் போனால் போதும் என்று நினைத்தார்கள். டிரில் மாஸ்டருக்கும் பள்ளிக்கூடத்தில் பெரிய மதிப்பு இல்லை. கணக்கு வாத்தியாருக்கும் இங்கிலீஷ் வாத்தியாருக்கும் கிடைத்த மரியாதை அவருக்குக் கிடைக்கவில்லை.

ஊர் முழுவதும் சுற்றிப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக் கொடுக்க ஒரு மனிதரால் முடியுமா? முடியாது. ஒருவர் நூறு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் ஒருவர் நூறு ஆசிரியர்களை உருவாக்கினால், அவர்கள் ஆளுக்கு ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள்.

பக் தேர்ந்தெடுத்த வழி இதுதான். ஆசிரியர்களை உருவாக்க ஒரு பள்ளி தொடங்குவது என்று முடிவு செய்தார்.

1920: பள்ளி பிறந்தது

சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. சங்கம் 1890-ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. பாரிமுனையில், ஐகோர்ட்டுக்கு எதிரே, சிவப்பு நிறத்தில் உயர்ந்து நிற்கும் அதன் கட்டடத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். 1900-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கட்டடம் அது. அதைக் கட்டப் பெரும் பணம் கொடுத்தவர் ஜான் வானமேக்கர். பிலடெல்பியா நகரத்துப் பெரிய வியாபாரி. பிலடெல்பியா இருப்பது பென்சில்வேனியாவில். பக் பிறந்த அதே மாநிலம்!

அந்தச் சங்கத்தின் ஆதரவில் 1920-இல் பக்கின் பள்ளி தொடங்கியது. தேகப்பயிற்சி ஆசிரியர்களுக்கான பள்ளி. ஆசியாவிலேயே இப்படி ஒரு பள்ளி இதுதான் முதலாவது என்று சொல்வார்கள்.

தொடக்கம் மிகச் சிறியது. மாணவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இன்று இருப்பதுபோல் பரந்த மைதானம் அப்போது இல்லை. நகரத்துக்குள்ளேயே கிடைத்த இடத்தில் வகுப்பு நடந்தது.

நாட்டிலும் அது கொந்தளிப்பான காலம். ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்து ஓராண்டு ஆகியிருந்தது. 1920-இல் காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்தைத் தொடங்கினார். வெள்ளைக்காரர் நடத்தும் பள்ளிக்கூடங்களை விட்டு மாணவர்கள் வெளியேறிய நேரம். அந்த நேரத்தில் ஒரு வெள்ளைக்காரர் தொடங்கிய பள்ளி, இந்தியர்களின் நம்பிக்கையைப் பெறுவது எளிதா?

பக் அந்த நம்பிக்கையைத் தன் வேலையால்தான் சம்பாதிக்க வேண்டியிருந்தது.

என்ன சொல்லிக் கொடுத்தார்?

பக்கின் பள்ளியில் சேர்ந்தவன் பந்தை எறிய மட்டும் கற்கவில்லை. மனித உடலில் எலும்பும் தசையும் எப்படி வேலை செய்கின்றன என்பதைப் படித்தான். அடிபட்டால் முதலுதவி செய்யக் கற்றான். வகுப்பை எப்படி நடத்துவது, போட்டியை எப்படி ஏற்பாடு செய்வது, ஊதலை எப்போது ஊதுவது, நடுவராக நின்று எப்படி நேர்மையாகத் தீர்ப்புச் சொல்வது என்பதையும் பழகினான்.

ஒய்.எம்.சி.ஏ.யின் அடையாளம் ஒரு சிவப்பு முக்கோணம். உடல், மனம், ஆன்மா ஆகிய மூன்றும் சேர்ந்தே வளர வேண்டும் என்பது அதன் பொருள். தேகப்பயிற்சி என்றால் புஜத்தைப் பெரிதாக்குவது மட்டும்தான் என்று எண்ணியவர்களுக்கு இது புதிய செய்தி.

கூடைப்பந்தும் வாலிபாலும் இந்தப் பள்ளியில் முக்கிய இடம் பெற்றன. வாலிபாலும் ஸ்பிரிங்பீல்டில் படித்த ஒருவர் கண்டுபிடித்த ஆட்டம்தான். அவர் பெயர் வில்லியம் மார்கன். ஆண்டு 1895.

இந்த இரண்டு ஆட்டங்களும் நம் ஊருக்கு நன்றாகப் பொருந்தின. கிரிக்கெட் ஆடப் பெரிய மைதானம் வேண்டும். மட்டை வேண்டும், காப்பு வேண்டும், நாள் முழுவதும் நேரம் வேண்டும். கூடைப்பந்துக்கு என்ன வேண்டும்? ஒரு பந்து. இரண்டு வளையம். 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உள்ள ஓர் இடம். ஒரு மணி நேரத்தில் பத்துப் பிள்ளைகள் வியர்க்க விறுவிறுக்க ஆடிவிட்டு வீட்டுக்குப் போகலாம். நெருக்கடியான நகரத்துக்கு ஏற்ற ஆட்டம்.

இன்னொன்றும் உண்டு. கூடைப்பந்தில் ஒருவனே ராஜாவாக இருக்க முடியாது. எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், பந்தைக் கூட்டாளிக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். யார் எந்தத் தெரு, யார் எந்த ஜாதி என்று பார்த்துக்கொண்டிருந்தால் பந்து எதிராளியிடம் போய்விடும்!

சடுகுடுவையும் மறக்கவில்லை

இங்கேதான் பக்கின் பெரிய குணம் தெரிகிறது.

அவர் அமெரிக்கர். அமெரிக்க ஆட்டங்களை மட்டும் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. இந்த நாட்டில் ஏற்கெனவே என்ன ஆட்டம் இருக்கிறது என்று பார்த்தார். தண்டால், பஸ்கி போன்ற நம் நாட்டுப் பயிற்சிகளுக்கும், சடுகுடு போன்ற நம் நாட்டு ஆட்டங்களுக்கும் தன் பள்ளியில் இடம் கொடுத்தார்.

சடுகுடுவுக்கு ஒரு சிக்கல் இருந்தது. ஊருக்கு ஊர் விதி வேறு. மதுரையில் ஒரு மாதிரி, தஞ்சாவூரில் ஒரு மாதிரி. இரண்டு ஊர்க்காரர்கள் மோதினால் ஆட்டத்தைவிட வாக்குவாதமே அதிகமாக இருக்கும். எந்த ஆட்டமும் எழுதி வைத்த விதி இருந்தால்தான் ஊர் விட்டு ஊர் போகும். நாடு விட்டு நாடு போகும்.

பக் ஆட்டங்களின் விதிகளைத் தொகுத்துப் புத்தகமாக வெளியிட்டார். அதில் மேல்நாட்டு ஆட்டங்களோடு நம் நாட்டு ஆட்டங்களும் இடம் பெற்றன. பள்ளிக்கூட மைதானத்தில் சண்டை வந்தால், அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் போதும், வழக்கு தீர்ந்துவிடும்.

தேகப்பயிற்சிக்கென்று ஒரு பத்திரிகையையும் அவர் நடத்தினார். அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? வியாயாம். உடற்பயிற்சி என்று பொருள்படும் வடமொழிச் சொல். பத்திரிகையின் பெயரைக்கூட அவர் இந்த நாட்டு மொழியில் இருந்தே எடுத்தார்.

சென்னை மாகாண சர்க்காரும் அவருடைய யோசனையைக் கேட்டது. பள்ளிக்கூடங்களில் எந்த வயதுப் பிள்ளைக்கு எந்தப் பயிற்சி என்று பாடத்திட்டம் வகுத்துக் கொடுத்தார். பயிற்சி பெற்றவரே பள்ளிக்கூடத்தில் தேகப்பயிற்சி ஆசிரியராக வர வேண்டும் என்ற நிலை மெல்ல மெல்ல ஏற்பட்டது. டிரில் மாஸ்டர் மறைந்தார். உடற்பயிற்சி ஆசிரியர் பிறந்தார்.

பாரிஸ் நகரத்தில் இந்தியா

1924-ஆம் ஆண்டு வந்தது. பிரான்ஸ் நாட்டின் தலைநகரான பாரிசில் ஒலிம்பிக் பந்தயம். உலக நாடுகள் எல்லாம் வீரர்களை அனுப்பத் தயாராயின. இந்தியாவில் இருந்து யார் போவது?

நாடு முழுவதிலும் இருந்து ஆட்களைத் தேர்ந்தெடுக்க, அந்த ஆண்டு பிப்ரவரி மாதம் டில்லியில் பந்தயங்கள் நடந்தன. இன்று தேசிய விளையாட்டுகள் என்று நாம் சொல்வதற்கு அதுவே விதை. அங்கே சிறந்து விளங்கிய 8 பேர் ஓட்டம், தாண்டல் முதலிய போட்டிகளுக்காகப் பாரிசுக்குத் தேர்வு ஆனார்கள்.

அவர்களை அழைத்துச் செல்லும் பொறுப்பு ஹாரி பக்கிடம் கொடுக்கப்பட்டது. இந்தியக் குழுவின் மானேஜர் அவரே. சென்னைக்கு வந்து ஐந்தே ஆண்டுகளில் அவ்வளவு நம்பிக்கையைப் பெற்றுவிட்டார்.

அந்தக் குழுவில் லட்சுமணன் என்று ஒருவர் இருந்தார். அன்று சென்னை மாகாணத்தோடு சேர்ந்திருந்த மலபாரைச் சேர்ந்தவர். 110 மீட்டர் தடை ஓட்டத்தில் கலந்துகொண்டார்.

பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. உலகத்தோடு ஒப்பிட்டால் நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தது. அதுவே பெரிய லாபம்.

பக் ஊர் திரும்பி சும்மா இருக்கவில்லை. நோரன் என்ற இன்னொரு ஒய்.எம்.சி.ஏ. பெரியவரும் அவரும் நாடெங்கும் சுற்றினார்கள். மாகாணந்தோறும் விளையாட்டுச் சங்கங்கள் அமைய உழைத்தார்கள். அதன் பலனாக 1927-இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் பிறந்தது. டாட்டா குடும்பத்தைச் சேர்ந்த சர் தோராப்ஜி டாட்டா அதன் தலைவர் ஆனார். நோரன் செயலாளர் ஆனார்.

சைதாப்பேட்டையில் சொந்த இடம்

பள்ளி வளர்ந்துகொண்டே வந்தது. நகரத்துக்குள் இடம் போதவில்லை. ஓட இடம் வேண்டும். தாண்ட இடம் வேண்டும். பந்து ஆட இடம் வேண்டும்.

சென்னைக்குத் தெற்கே, அடையாற்றங்கரையில், சைதாப்பேட்டையில் இடம் கிடைத்தது. 60 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம். 1932-இல் பள்ளி அங்கே குடியேறியது. இன்று நந்தனம் என்று அழைக்கப்படும் பகுதி அது.

அன்று அது நகரத்தின் எல்லை. அதற்குத் தெற்கே கிராமங்களும் ஏரிகளும் வயல்களும்தான். ஆனால் ஒரு பெரிய மாறுதல் அப்போதுதான் நடந்திருந்தது. 1931-ஆம் ஆண்டு மே மாதம் சென்னைக் கடற்கரையில் இருந்து தாம்பரத்துக்கு மின்சார ரெயில் ஓடத் தொடங்கியது. நகரம் அந்தத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு தெற்கே நடக்க ஆரம்பித்தது.

1937-இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி பாரிமுனையை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. மரங்கள் சூழ்ந்த பெரிய வளாகம். அங்கேயே தங்கிப் படிக்க மாணவர் விடுதிகள். ஆக, சைதாப்பேட்டையில் விளையாட்டு ஆசிரியர்களை உருவாக்கும் கல்லூரி. அதே ரெயில் பாதையின் மறுகோடியில் ஆயிரக்கணக்கில் மாணவர்கள் படிக்க வந்த பெரிய கல்லூரி. இடையிலே கிண்டி, பரங்கிமலை, பல்லாவரம், குரோம்பேட்டை என்று ஊர்கள் வளர்ந்தன. ஊர் வளர்ந்த இடத்தில் பள்ளிக்கூடம் வந்தது. பள்ளிக்கூடம் வந்த இடத்தில் விளையாட்டு ஆசிரியரும் வந்தார். அவர் கையோடு பந்தும் வந்தது.

நந்தனம் கல்லூரிக்குத் தமிழ்நாட்டில் இருந்து மட்டும் மாணவர்கள் வரவில்லை. பல மாகாணங்களில் இருந்து வந்தார்கள். பர்மா, இலங்கையில் இருந்தும் வந்தார்கள். படித்து முடித்து அவரவர் ஊருக்குத் திரும்பி, அங்கே வளையம் மாட்டினார்கள்.

1934-இல் கூடைப்பந்தில் முதல் தேசியப் போட்டி டில்லியில் நடந்தது. 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து சேர்க்கப்பட்டது. பழக்கூடையை மாட்டிய நைஸ்மித் அந்தப் பந்தயத்துக்கு நேரில் சென்று, தன் பிள்ளை உலக அரங்கில் ஏறுவதைக் கண்ணால் கண்டார். 45 ஆண்டுகளுக்குப் பிறகு அவருக்குக் கிடைத்த பரிசு அது.

பக்குக்கு அப்படி ஒரு கொடுப்பினை இல்லை.

பார்க்காமலே போனார்

இரண்டாம் உலகப்போர் வந்தது. 1942-இல் ஜப்பானியர் குண்டு போடுவார்கள் என்ற பயத்தில் சென்னை நகரமே பாதி காலி ஆயிற்று. அடுத்த ஆண்டு, 1943 ஜூலை மாதம் 24-ந் தேதி, ஹாரி குரோ பக் காலமானார். அப்போது அவருக்கு வயது 58.

நாடு விடுதலை அடைந்ததை அவர் பார்க்கவில்லை. 1950-இல் இந்தியக் கூடைப்பந்து சம்மேளனம் அமைந்ததைப் பார்க்கவில்லை. 1951-இல் முதல் ஆசிய விளையாட்டு டில்லியில் நடந்தபோது, இந்திய அணி கூடைப்பந்து ஆடியதைப் பார்க்கவில்லை. 1980-இல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்தியக் கூடைப்பந்து அணி இறங்கியதையும் பார்க்கவில்லை. அவர் மதித்த சடுகுடு, கபடி என்ற பெயரில் 1990-இல் ஆசிய விளையாட்டில் சேர்ந்து, இந்தியாவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்ததையும் பார்க்கவில்லை.

ஒரு கணக்கைப் பாருங்கள். மத்திய சர்க்கார் உடற்பயிற்சிக்கென்று குவாலியரில் ஒரு தேசியக் கல்லூரியைத் தொடங்கியது 1957-இல். பக் சென்னையில் தொடங்கியது 1920-இல். இடையே 37 ஆண்டுகள்! ஒரு பெரிய சர்க்கார் செய்த வேலையை 37 ஆண்டுகளுக்கு முன்பே, விரல் விட்டு எண்ணக்கூடிய மாணவர்களோடு அந்த மனிதர் தொடங்கிவிட்டார்.

உடற்பயிற்சிக் கல்லூரிகளில் படிக்கிறவர்கள் இன்றும் பாடப்புத்தகத்தில் அவர் பெயரைப் படிக்கிறார்கள். மற்றவர்களுக்கு அந்தப் பெயர் தெரியாது. சென்னைப் புத்தகக் காட்சிக்காக நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்குப் போகிற லட்சக்கணக்கான மக்களில் எத்தனை பேருக்கு, அந்த மண் யார் உழைப்பால் விளையாட்டு மண் ஆயிற்று என்று தெரியும்?

நாமும் பார்க்கலாம்

கூடைப்பந்து எப்படி ஆடுகிறார்கள் என்று தெரியாததால் சிலர் நின்று பார்ப்பதில்லை. ஐந்து நிமிடத்தில் புரிந்துகொள்ளக்கூடிய ஆட்டம் அது.

பக்கத்துக்கு 5 பேர். 10 நிமிடம் வீதம் 4 பகுதி. பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடக் கூடாது. தரையில் தட்டிக்கொண்டே ஓட வேண்டும். வளையத்துக்குள் போட்டால் 2 புள்ளி. வளையத்தைச் சுற்றி வில் மாதிரி ஒரு கோடு போட்டிருப்பார்கள். அதற்கு வெளியே இருந்து போட்டால் 3 புள்ளி. எதிராளி தவறு செய்து, நடுவர் தனி வாய்ப்புக் கொடுத்தால், அதில் போடும் ஒவ்வொரு பந்துக்கும் 1 புள்ளி. பந்து கைக்கு வந்த 24 விநாடிக்குள் குறி பார்த்தாக வேண்டும். இவ்வளவுதான்!

பந்து வைத்திருப்பவனை மட்டும் பார்க்காதீர்கள். பந்து இல்லாதவன் எங்கே ஓடுகிறான் என்று பாருங்கள். அங்கேதான் ஆட்டத்தின் ருசி இருக்கிறது.

பெண் பிள்ளைகளுக்கும் இந்த ஆட்டம் உரியது. நம் சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைவியாக இருந்தவர். தெற்கு ரெயில்வேயில் வேலை பார்த்தவர். 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. வளையத்துக்கு முன்னால் ஆண் என்றும் பெண் என்றும் பேதம் இல்லை.

இன்றும் சில பள்ளிக்கூடங்களில் பரீட்சை நெருங்கினால் முதலில் பறிபோவது விளையாட்டுப் பீரியடுதான். கணக்குக்கோ விஞ்ஞானத்துக்கோ அந்த நேரத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். சில பள்ளிக்கூடங்களுக்கு மைதானமே இல்லை. நூறு ஆண்டுகளுக்கு முன்பு பக் எதை எதிர்த்துப் போராடினாரோ, அது இன்னும் முழுதாக ஒழிந்துவிடவில்லை.

அடுத்த முறை மாலை நேரத்தில் மின்சார ரெயிலில் இருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது, வழியில் பந்து தட்டும் சத்தம் கேட்டால் ஒரு நிமிடம் நில்லுங்கள். பிள்ளைகள் ஆடுவதைப் பாருங்கள். பந்து வளையத்தில் விழுந்தால் கை தட்டுங்கள்.

வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளையிடம் இன்று என்ன படித்தாய் என்று கேட்பீர்கள் அல்லவா? கூடவே இன்று என்ன விளையாடினாய் என்றும் கேளுங்கள்.